பிப்ரவரிக்குப் பிறகு மூன்று படங்கள்

அன்புள்ள வெண்டலுக்கு,

முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லாம் சுகம், அந்த அரிசோனா வெயிலில் நீயும் சுகமாக இருக்கவேண்டும். போனில் சொன்னால் நீ கத்துவாய், நான் அழுவேன், அதனால்தான் எழுதுகிறேன். ஏப்ரல் பாதி போயும் ஏரியில் உறைந்த பனி உடையவில்லை, எனக்கும் எதிலும் மனம் ஓடவில்லை. சினிமாக் கம்பெனி போட்ட கேஸ் விஷயமாக நம் வக்கீல் இங்க்ரிடைப் பார்த்தேன். திருட்டுத்தனமாக இறக்கிய படங்கள் முப்பத்தொன்று, தேதியும் மணியும் போட்டுப் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள், இன்டர்நெட் என் பேரில் இருப்பதால் கேஸும் என் பேரில். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது நீதான் கம்ப்யூட்டரில் படம் இறக்குகிற புரோகிராமை ஏற்றி, எந்தப் பட்டனை அழுத்துவது என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தாய். ஊரெல்லாம் செய்யறதுதானேம்மா என்றாய். ஊரெல்லாம் செய்ததுக்குக் கோர்ட்டுப் படி ஏறுவது நான். உன்மேல் கோபம் இல்லை என்றால் பொய். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அவர் சிரித்ததே அந்தப் படங்களைப் பார்த்துத்தான், அதையும் மறக்க முடியவில்லை.

அன்றைக்கு நீ, அப்பாதான் பண்ணினார்னு சொல்லிடும்மா, செத்தவரை யாரு கோர்ட்டுக்கு இழுக்கப்போறா என்றாயே, அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் நானும் போனேன். வாய்வரை வந்துவிட்டது. இங்க்ரிட் பட்டியலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்தாள். அப்பா போனது பிப்ரவரி பதினொன்று, சர்ச்சுப் பிரார்த்தனைக்கு அவளும் வந்திருந்தாளே. அதற்குப் பிறகும் மூன்று படங்கள் இருக்கின்றன. அது நான்தான் வெண்டல். சாப்பாடு கொண்டுவந்தவர்களெல்லாம் பாத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனபிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அவர் அழுத்துகிற பட்டனை நானும் அழுத்தினேன். என்ன படம் என்றுகூடப் பார்க்கவில்லை, கூடத்தில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் போதும் என்று இருந்தது. இனி எந்த முகத்தோடு அவர் தலையில் கட்டுவேன்? எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று சமரசத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கம்பெனி கேட்கிற பணத்தை அவருடைய மீன்பிடிப் படகை விற்று அடைக்கிறேன். நீ பணம் அனுப்பவேண்டாம்.

ஒன்று மட்டும் பாக்கி. இறக்கியதை எல்லாம் அழித்தாயிற்று என்று முப்பதாம் தேதிக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். எப்படி என்று போனில் சொல்லித்தராதே. அவர் பாதியில் நிறுத்திய படம் இன்னும் அங்கேயே நிற்கிறது, அதன்மேல் கைவைக்க என்னால் ஆகாது. ஏற்றியவன் நீ, நீயே வந்து அழி.

வேளைக்குச் சாப்பிடு, கடவுள் உன்கூட இருக்கட்டும். முப்பதாம் தேதி, மறந்துவிடாதே. கனமான கோட்டு எடுத்துக்கொண்டு வா.

உன் அம்மா,
ஆர்லீன்