இரண்டாம் குரல்

லாஸ் ஏஞ்சல்ஸ்
10 பிப்ரவரி 1956

அன்புள்ள அக்கா ஒத்தீலியாவுக்கு,

ஒரு வழியாகப் படக் கம்பெனியில் நல்ல வேலை கிடைத்துவிட்டது. இதுவரை தலையில் கூடையோடு கூட்டத்தில் நடந்துபோகும் மெக்சிகோக்காரியாகத்தான் நிறுத்தினார்கள். இப்போது பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாம் சான் அந்தோனியோவில் கல்யாணத்துக்குக் கல்யாணம் பாடினோமே, அதே மாதிரி இரண்டு பெண்கள் சேர்ந்து பாடும் பாட்டு. கூடப் பாட ஆள் உண்டா என்று இசையமைப்பாளர் கேட்டதும், "எங்க அக்காவ விட்டா யாரு இருக்கா?" என்றேன்.

உடனே பஸ் ஏறு. என் அறையில் ஒரே கட்டில்தான். தூக்கத்தில் நீ உதைப்பாய், பரவாயில்லை. அப்பாவுக்கு என் முத்தம்.

உன் தங்கை,
அம்பாரோ

*

சான் அந்தோனியோ
2 மார்ச் 1956

என் செல்லத் தங்கைக்கு,

உன் கடிதத்தை அப்பா ரொட்டி வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டுகிறார். ஆனால் என்னால் வர முடியாது. அடுப்பை அவர் தனியாகப் பார்த்துக்கொள்ள மாட்டார். எனக்கும் இப்போது பாட்டில் அத்தனை பிடிப்பு இல்லை. வேறு யாரையாவது சேர்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

ஒத்தீலியா

*

லாஸ் ஏஞ்சல்ஸ்
14 மே 1956

அக்கா,

மூன்று கடிதம் போட்டுக் கெஞ்சியும் நீ மனம் இளகவில்லை. என் குரல்மேல் உன் குரலையும் நானே பாடிப் பதிவு செய்தேன். நீ எங்கே மூச்சு வாங்குவாய், எந்த வார்த்தையை இழுப்பாய் என்று யோசித்து யோசித்துப் பாடினேன். உனக்கு என்மேல் பொறாமையோ என்றுகூடத் தோன்றிவிட்டது. படம் அங்கே வந்தால் பார்க்க வேண்டாம், சுமார்தான்.

அம்பாரோ

*

சான் அந்தோனியோ
18 நவம்பர் 1956

அம்பாரோ,

நீ வேண்டாம் என்றாலும் அப்பா கோட்டு மாட்டிக்கொண்டு படத்துக்குக் கிளம்பிவிட்டார். பாட்டு வந்தது. பொன்னிற முடிக்காரி ஒருத்தி உன் குரலுக்கு வாயசைத்தாள். அவள் தோழியின் வாயிலிருந்து என் குரல் வந்தது. அப்பா எழுந்து நின்று, "அது என் பொண்ணு பாடுறது" என்றார். யாரோ சிரித்தார்கள். "உக்காருங்க பெரியவரே, மறைக்குது" என்றான் பின்னாலிருந்தவன். உட்கார்ந்தார். கடைசியில் ஓடிய பெயர்களில் உன்னைத் தேடினார்.

பொறாமை இல்லையடி. நீ முதலில் கூப்பிட்டபோது என் கழுத்தில் தையல்கூடப் பிரிக்கவில்லை. கட்டியை எடுத்தார்கள், குரலும் அதோடு போய்விட்டது. அப்பாவைக் கூப்பிட இப்போது மேசையைத் தட்டுகிறேன். தெரிந்தால் வேலையை விட்டு ஓடி வருவாய் என்று மறைத்தேன். தியேட்டரில் நான் பாடுவதை நானே கேட்டேன். அப்படியே இருந்தது.

ஒத்தீலியா

*

லாஸ் ஏஞ்சல்ஸ்
20 டிசம்பர் 1956

என் அக்காவுக்கு,

பாடியது யார் என்று வீட்டிலும் சொல்லக்கூடாதென்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வேறொருத்தி வாயசைப்பது எனக்கும் வெட்கமாக இருந்தது, அதனால்தான் பார்க்க வேண்டாம் என்றேன். உன் கடிதம் வந்த பிறகு, பெயரைப் போடச் சொல்லிக் கேட்டேன். மாட்டோம் என்றார்கள். அடுத்த படத்துக்கும் இரண்டு குரல் வேண்டுமாம். "ரெண்டாவது குரல் என்னுது இல்ல, அத நான் தரமுடியாது" என்றேன். அப்படியானால் நீயே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

இப்போது கிழக்குப் பக்கம் ஒரு நடனக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் பாடுகிறேன். வாசல் பலகையில் அம்பாரோ செர்த்தூச்சே என்று முழுப் பெயர் இருக்கிறது, அப்பாவிடம் சொல். நம் பாட்டையும் பாடுகிறேன். நீ சேரும் வரிகள் வந்ததும் நிறுத்திவிடுவேன். அந்த இடத்தைத் தன் வாத்தியத்தால் நிரப்பட்டுமா என்று கிட்டார்காரன் கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த வரிகள் முடியும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன், அக்கா.

அம்பாரோ