செல்வராஜ் சாரும் பச்சை டயலும்

ஜூன் 14, சனி

இன்று வெளியான, கடலில் முக்குளிப்பவர்கள் கட்டும் டைவ் வாட்ச்சின் படத்தில் முதலில் என் கண்ணில் பட்டது அதன் பின்மூடி. போன வருட மாடலின் பின்மூடியேதான். உள்ளே இருக்கும் இயந்திரமும் மாறவில்லை. டயலைப் பச்சையாக்கி விலையில் ஒரு லட்சம் கூட்டியிருக்கிறார்கள். வாட்ச் பிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் அப்படியே எழுதினேன். போன் நம்பர் அப்பா பெயரில் இருப்பதால் அங்கே எல்லோருக்கும் நான் செல்வராஜ் சார்.

சாயங்காலம் குழுவில் குரலில் பேசினார்கள். கச்சிராயபாளையம் வாத்தியார், "செல்வராஜ் சார் சொல்றது கரெக்டு. இந்தக் காசுக்கு கோமுகி டேம்ல ஓட்ட ஒரு படகே வாங்கிடலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் இங்கே தனியாகச் சிரித்தேன். பள்ளிப் படிப்பை நிறுத்திய பிறகு, நான் சொன்னதைப் பற்றி யாரும் இவ்வளவு நேரம் பேசியதில்லை.

"சார், நீங்களே சொல்லுங்க. இன்னா விலை வெக்கலாம்?" என்று கேட்டார்.

மைக்கைத் திறந்தேன். "போன வருசத்து விலையே ஜாஸ்திதாங்க..."

"பாப்பா, போனை அப்பா கையில குடும்மா. பெரியவங்க பேசிக்கினு இருக்கோம்" என்றார் வாத்தியார்.

"சரிங்க" என்று மைக்கை அணைத்துவிட்டேன். அப்பா ஆலையிலிருந்து இன்னும் வரவில்லை. அவர் வாட்ச்சே கட்டுவதில்லை.

அவர்கள் செல்வராஜ் சாருக்காகக் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து எழுதினேன்: "மன்னிக்கவும், போனை என் பொண்ணு எடுத்துவிட்டாள். போன வருட விலையே ஜாஸ்திதான்."