உப்பு நிற்காத உடம்பு

ஆடி 11.
பேய்க்காற்று. டிஸ்பென்சரி மேஜையெல்லாம் மண். செய்ய வேண்டியது: அயோடின், பஞ்சு, அத்தானுக்குக் கடிதம்.
அம்மன் கோயிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிய அன்றே அக்கா குருவிகுளத்திலிருந்து வந்துவிட்டாள். கறுத்து, மெலிந்து. கேட்டால், "பருத்திக் காட்டுல நின்னா வெளுக்கவா செய்யும்?" என்கிறாள். சரிதான். ஆனால் ஈறும் கறுத்திருக்கிறது. ஈற்றில் எப்படி வெயில் படும்?

ஆடி 12.
அக்காவுக்கு பி.பி. 84/50. இரண்டு தடவை பார்த்தேன். உள்ளங்கை ரேகையும் கறுப்பு. எழுந்தால் தலைசுற்றல், வாந்தி.
பழைய பாடப்புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அட்ரினல். சிறுநீரகத்தின் மேல் குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி. உள்பகுதி ஒன்று, வெளியே புறணி. இரண்டுக்கும் பிறப்பே வேறு. கருவில் புறணி பெரிதாக வளர்ந்து, பிள்ளை பிறந்ததும் சுருங்கிவிடும். அதில் மூன்று அடுக்கு. உடம்பில் உப்பைப் பிடித்து வைப்பது வெளியடுக்கின் வேலை என்கிறார்கள். புறணி கெட்டால் ஈறுகூடக் கறுக்கும், உப்பெல்லாம் சிறுநீரோடு போய்விடும். நோயாளி உப்புக்கு அலைவார்.
சித்திரையில் வந்தபோது அக்கா கல் உப்பை அள்ளி வாயில் போட்டாள். "மாடா நீ?" என்று ஏசினேன். மூன்று அடுக்கையும் படம் போட்டு மார்க் வாங்கிய முட்டாள் நான்.

ஆடி 13.
காலையில் அக்கா கிணற்றடியில் விழுந்துவிட்டாள். நாடி பிடிபடவே இல்லை. சலைன், குளுக்கோஸ். மத்தியானம் கண் விழித்தாள். உப்புக் கஞ்சி கொடுத்தால் வாயை இறுக மூடிக்கொண்டாள்.
அப்போதுதான் என் மனைவி சொன்னாள். கொடி ஏறியதிலிருந்து அக்கா உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறாளாம். அம்மனுக்கு நேர்த்திக்கடன், தபசு வரைக்கும். ஒரே வீட்டில் இருந்தும் நான் கவனிக்கவில்லை.
"உப்பு எடுக்கலேன்னா செத்துப் போவே, அக்கா."
"போறேன்."

ஆடி 14.
மூட்டம், மழை இல்லை. ஹார்மோன் ஊசிக்கு மதுரைக்குத் தந்தி. வந்து சேர நாலைந்து நாளாகும். சலைன் ஒரே பாட்டில்தான் மிச்சம். அதுவரை உப்புதான் மருந்து.
காலையிலும் அக்கா கஞ்சி குடிக்கவில்லை. யாருக்காக இந்த விரதம் என்று கத்திவிட்டேன்.
"ஒனக்குத்தாம்ல. போன வருசம் டைபாய்டுல கெடந்தியே, அப்பம் நேந்தேன். பாதியில விட்டா ஒம் மேலதான வந்து விடியும்?"
பின்கட்டுக்குப் போய் அழுதேன். முகம் கழுவிவிட்டு வந்தேன்.
"எனக்காகத்தான நேந்தே? மிச்ச ஆறு நாளும் ஒனக்குப் பதிலா நான் விரதம் இருக்கேன்."
"நீ கோயிலுக்கே வரமாட்டியேல."
"உப்பில்லாம திங்கதுக்கு வாய் இருந்தாப் போதாதா?"
விரலை மடக்கினாள்.
"மோருலயும் போடக் கூடாது. ஊறுகா தொடக் கூடாது. கிளப்புக் கடையில போயி வடை திங்கக் கூடாது."
எல்லாவற்றுக்கும் சரி என்றேன். இருந்தும், "நாளைக்குப் பாப்பம்" என்று திரும்பிப் படுத்தாள். கடைசி சலைனையும் ஏற்றியாயிற்று.

ஆடி 15.
காலை எட்டு மணி. பி.பி. 80. என் இலையில் உப்பில்லாத சோறு, பருப்பு. சகிக்கவில்லை. எதிரே அக்கா சுவரில் சாய்ந்து, கையில் உப்புக் கஞ்சி டம்ளருடன். குடிக்கவில்லை. என் வாயையே பார்த்தாள். நான்காவது கவளம் இறங்கிய பிறகு டம்ளரைத் தூக்கி ஒரு வாய் குடித்தாள்.
என் மனைவியிடம் நீட்டினாள்.
"ஏட்டி, இதுக்கு உப்பு காணாது."