வாய்க்காலுக்கு மேல் நின்ற வண்டி

சம்பந்தி,

காலையில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். புளி வைத்துத் தேய்த்தேன். அப்படியும் மத்தியானம் ரசம் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனபோது அந்த வாடை வந்துவிட்டது. கூமுட்டையும் கந்தகமும் கலந்ததுபோல, கியர் ஆயில் வாடை. எனக்குச் சிரிப்பு வந்தது. மாமியார் தனியாகச் சிரிக்கிறாளே என்று மருமகள் எட்டிப் பார்த்தாள். உன் அம்மாவை நினைத்துக்கொண்டேன் என்றேன். அவளும் கொஞ்சம் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நீங்கள் கண்மூடிப் போன பிறகு, நம் பேத்தியின் வண்டிக்கு இன்றுதான் கியர் பாக்ஸ் எண்ணெய் பார்த்தோம். அதை உங்களுக்குச் சொல்லாமல் யாரிடம் சொல்வது? ஐந்தாம் வகுப்போடு நின்ற கையெழுத்து இது. கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு வெள்ளிமலையில் நர்ஸ் வேலை கிடைத்த புதிது உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் வழியிலும் என் வழியிலும் கவர்மெண்டு சம்பளம் வாங்கிய முதல் பெண்பிள்ளை. வடக்கனந்தல் தெரு முழுக்க நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நைனார்பாளையத்தில் நீங்கள் சும்மாவா இருந்தீர்கள்? மலைக்குப் பஸ் நேரம் ஒத்துவரவில்லை என்று அவள் பழைய கார் ஒன்றை வாங்கினாள். கொஞ்ச நாளிலேயே இரண்டாவது கியர் விழ மறுத்தது. விழுந்தால் கரகரவென்று ஆட்டுரல் சத்தம்.

என் மகன் முடிவே கட்டிவிட்டான்.

"பாக்ஸ் போயிடுச்சி. வித்துத் தொலைச்சிடலாம். மலை வளைவுல கியர் விழலன்னா இன்னா ஆவும்? நீ கீழ எங்கனா மாத்தல் வாங்கிக்கினு வா."

 பேத்திக்கு முகம் கறுத்துப் போயிற்று. மலைமேல் பிரசவத்துக்கு வரும் பெண்களெல்லாம் அவள் பேரைச் சொல்லிக் கேட்கத் தொடங்கியிருந்த நேரம். வண்டி போனால் வேலையும் கைவிட்டுப் போகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீங்கள் ஒரு பை மரவள்ளிக் கிழங்கோடு வந்து இறங்கினீர்கள். விஷயத்தைக் கேட்டதும் முதல் பேச்சே, "எங்க வூட்டுக்காரரு ஜீப்பு ஓட்டறப்ப..." என்றுதான். எதைச் சொன்னாலும் அந்த ஜீப்பில் ஏறித்தானே வருவீர்கள்.

"எண்ணெ கம்மியா இருந்தாலும் இப்டிதான் கத்தும் சம்பந்தி. பாக்காமயே பொணத்தத் தூக்கறீங்களே? ஒரு தடவ மலையில ஆமணக்கெண்ணெய ஊத்திக்கினு எறங்கனவரு எங்க வூட்டுக்காரரு."

"அதான் அந்த ஜீப்பு காயலாங்கடைக்குப் போச்சா?" என்றேன்.

பேத்திக்கு அன்றைக்கு வந்த முதல் சிரிப்பு அது.

அவளும் செல்போனில் பார்த்து வைத்திருந்தாள். வண்டிப் புத்தகத்தில் போட்டிருந்த எண்ணெயையே கேட்டு வாங்கியும் வந்திருந்தாள். வண்டி சமமான தரையில் நிற்க வேண்டும், அடியில் ஆள் போக இடமும் வேண்டும். இரண்டுக்கும் எங்கே போவது என்று அவள் யோசித்தபோது, நீங்கள் நெற்களத்தைக் குறுக்கே அறுத்துப் போகும் சிமெண்டு வாய்க்காலைக் காட்டினீர்கள். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இரண்டு சக்கரம், அந்தப் பக்கம் இரண்டு சக்கரம். நடுவில் முழங்கால் ஆழத்துக்குக் காய்ந்து கிடக்கிற பள்ளம். கை பிரேக் போட்டு, நான்கு சக்கரத்துக்கும் கல் அண்டக் கொடுத்தோம்.

"நான் எறங்கறன்," என்றேன்.

"நீங்க எறங்கனா அப்பறம் ஜேசிபிதான் வரணும்," என்றீர்கள்.

உங்களுக்கு ஊதினால் பறக்கிற உடம்பு. பள்ளத்தில் இறங்கிச் சாக்கை விரித்துச் சாய்ந்துகொண்டீர்கள். திறக்கும் முன்னால் கியர் பாக்ஸின் பக்கவாட்டில் இருந்த போல்ட்டைச் சுற்றி மண் போகத் துடைத்தீர்கள். கழற்றிய போல்ட்டைத் தரையில் வைக்காமல் இடுப்பில் முடிந்துகொண்டீர்கள். அந்த ஓட்டைக்குள் விரலை வளைத்து விட்டுப் பார்த்தீர்கள்.

"விரல் நுனிகூட நனையல. பாவம், தொண்ட காஞ்சி கெடக்குது!"

நான் மேலே பானெட்டைத் தூக்கிவிட்டு நின்றேன். புனலில் டியூபைச் செருகி உள்ளே விட, கீழே நீங்கள் அதன் முனையை ஓட்டைக்குள் பிடித்துக்கொண்டீர்கள். நான் ஊற்றத் தொடங்கினேன். தேன் மாதிரி அது மெதுவாகத்தான் இறங்கியது. பாதி போயிருக்கும். மோட்டார் கொட்டகையில் 'ஊம்' என்று சத்தம். கரண்டு வந்தால் தானாக ஓடட்டும் என்று என் மகன் மாட்டி வைத்த ஆட்டோ ஸ்டார்ட்டரை நாங்கள் யாருமே நினைக்கவில்லை. தண்ணீர் வாய்க்காலில் பாம்புபோல ஓடி வந்தது. பேத்தி மோட்டாரை நிறுத்த ஓடினாள்.

"வெளிய வாங்க சம்பந்தி! தண்ணி வருது!"

"வரட்டும். நீங்க நிறுத்தாம ஊத்துங்க."

"முதுவு நனையுதே!"

"இது இன்னா சக்கர பொம்மையா, கரஞ்சி போறதுக்கு? ஊத்துங்கன்றன்ல! இன்னும் வழியல."

சாக்கு மிதந்து போயிற்று. நீங்கள் டியூபை விடவில்லை. நான் அவசரத்தில் புனலுக்கு வெளியேயும் கொஞ்சம் கொட்டினேன். பிறகு கீழேயிருந்து உங்கள் குரல் வந்தது, "வழிஞ்சிடுச்சி! வழிஞ்சிடுச்சி!" என்று, பெண் பெரியவளானதைச் சொல்வதுபோல. ஓட்டையின் விளிம்பு வரை நிறைந்து மெல்லியதாக எண்ணெய் வெளியே வந்தால் அதுதான் அளவு என்று எனக்கு அப்போதுதான் தெரியும். வழிந்தது நின்றதும் இடுப்பிலிருந்து போல்ட்டை எடுத்து முடுக்கிவிட்டுத்தான் எழுந்தீர்கள். அதற்குள் தண்ணீரும் நின்றிருந்தது.

சரியாக அந்த நேரம்தான் என் மகன் வந்தான்.

 மாப்பிள்ளை இருக்கிற இடத்தில் நீங்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து கதவோரம் நின்று, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, மகளிடம் சொல்வதுபோலத்தான் அவனுக்குப் பதில் சொல்வீர்கள். அன்றைக்குத் தண்ணீர் சொட்டச் சொட்ட, கன்னத்தில் எண்ணெய்க் கறையோடு, அவன் எதிரிலேயே நின்றீர்கள்.

"அத்தை, இன்னா இது கோலம்?" என்றான்.

"கோலத்த அப்பறம் பேசிக்கலாம் மாப்ள. ஏறி ஓட்டிப் பாருங்க. அப்பவும் கத்துச்சின்னா வித்துடுங்க, நான் வாயத் தொறக்கமாட்டன். கத்தலன்னா பொண்ண மலைக்குப் போவ வாணாம்னு சொல்லாதீங்க."

அவன் என்னைப் பார்த்தான். நான் பானெட்டை மூடினேன். வேறு என்ன செய்ய? பெற்ற பிள்ளை என்றாலும் அன்றைக்கு நான் உங்கள் பக்கம்.

கல்லையெல்லாம் எடுத்துவிட்டு வண்டியோடு போனான். போனவன் சீக்கிரத்தில் வரவில்லை. நீங்கள் ஈரப் புடவையை மாற்றாமல் அங்கேயே நின்றீர்கள். பேத்தி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தவன் சாவியை அவளிடம் நீட்டினான்.

"ரெண்டாவது வெண்ணெ மாதிரி விழுது. எண்ணெ எங்க கசியுதுன்னு நாளைக்கே பாத்து சீல் மாத்திடு. அப்பறம் மலைக்கு எடு. எறக்கத்துல நியூட்ரல் போடாத." உங்கள் பக்கம் பாதி திரும்பி, "போயி துணிய மாத்துங்க அத்தை, ஜுரம் வந்துடும்" என்றான்.

உடனே நீங்கள் போய்க் கதவோரம் நின்றுகொண்டீர்கள்!

இன்றைக்கும் அதே வாய்க்கால்தான். முதல் வேலையாக நானே போய் மோட்டார் பியூசைப் பிடுங்கி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். பேத்தி கீழே இறங்கி விரல் விட்டுப் பார்த்தாள். கொஞ்சம்தான் கம்மி. நான் மேலிருந்து ஊற்றினேன். நடுவில் நீங்கள் அதட்டுவீர்கள் என்று என்னையறியாமல் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் மத்தியான டூட்டிக்கு மலைக்குப் போனாள்.

சம்பந்தி, நீங்கள் எனக்கு ஒரு காதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். முன்பெல்லாம் ரோட்டில் போகிறதெல்லாம் எனக்கு ஒரே வண்டிச் சத்தம்தான். இப்போது கரும்பு லாரி எந்த கியரில் திணறுகிறது, எந்த டிராக்டருக்குத் தொண்டை காய்ந்திருக்கிறது, எல்லாம் தெரிகிறது. இருட்டினால் ஏரிக்கரை வளைவில்தான் காது நிற்கும். மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு அவள் அங்கேதான் இறக்குவாள். அதைக் கேட்கும் வரைக்கும் நான் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பதில்லை.

இதோ, வளைவில் ஒரு வண்டி. இறக்கிவிட்டாள். ஒரு கரகரப்பும் இல்லை, சம்பந்தி. போய்க் கல்லை வைக்கிறேன்.