அது படிக்காத ஃபைல்

தம்பி,

ஆடியோ கேட்டு டைப் பண்ணின வேலையக் குடுக்க ஆஃபீசுக்குப் போறேன். சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். சாவி செருப்பு ஸ்டாண்டுல.

நீ சொல்லிக்குடுத்த மாதிரி, ரெண்டு எழுத்து அடிச்சா ஆடியோ ஃபோல்டர் தொறக்குறதுக்கு ஒரு ஃபைல்ல நானே ஷார்ட்கட் எழுதி வச்சேன். அடிச்சா 'அப்படி ஒரு கமாண்டே இல்ல'ன்னு கம்ப்யூட்டர் மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லுது. "அதுக்குக் கோவமெல்லாம் வராதும்மா, உன்ன மாதிரியா"ன்னு கிண்டல் பண்ணுவியே, எனக்கென்னவோ வருதுன்னுதான் தோணிச்சு. ஒவ்வொரு எழுத்தா பாத்தேன், மூடித் தொறந்தேன். அதே வரிய நேரா டெர்மினல்ல, அதான் கமாண்டு அடிக்கிற அந்தக் கறுப்புத் திரைல, அடிச்சா ஒழுங்கா வேலை செய்யுது. இன்னிக்குத்தான் புரிஞ்சுது. டெர்மினல் தொறக்குறப்ப அது வேற ஒரு ஃபைலத்தான் படிக்குது. நான் இத்தன நாளா மாங்கு மாங்குன்னு எழுதினத அது எட்டிக்கூடப் பாக்கல.

சிரிச்சேன். அப்புறம் ஃப்ரிட்ஜப் பாத்தேன், சிரிப்பு போயிடுச்சு. "வேலைய விட்டுட்டு வந்து நிக்கிறியே"ன்னு உன் ஃப்ரெண்டு முன்னாடி கத்தினதுக்கு, தப்புதான்டான்னு போன வாரம் அதுல எழுதி ஒட்டினேன். மடிச்சது மடிச்சபடியே இருக்கு. நீ சமையக்கட்டுப் பக்கமே வர்றதில்ல. நேத்து உனக்கு வச்ச சாப்பாட்ட இன்னிக்குக் காலைல நான்தான் சாப்பிட்டேன்.

அதான் இத கீபோர்டு மேல வைக்கிறேன். இங்கயும் நீ உக்காந்து நாளாச்சு.

அம்மா

மறந்துட்டேன்: ஷார்ட்கட்ட அந்த இன்னொரு ஃபைல்ல எழுதிட்டேன், இப்ப தொறக்குது. அது எதப் படிக்கும்னு கண்டுபுடிச்சிட்டேன். நீ எதப் படிப்பேன்னுதான் தெரியல.