பார்த்தால் தானாகப் படிக்கிறது

ஜூன் 4

என் அன்பானவருக்கு,

இருவரும் நலம். நம் வாலு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்துவிட்டாள். ‘ட’வை மட்டும் இடம் வலம் மாற்றிப் போடுகிறாள். எங்கள் ஸ்கேன் பிரிவு டாக்டரம்மா, “கவலப்படாதீங்க, கப்போட கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தாலும் கப்புதானே? அப்படிப் பார்த்துப் பழகின மூளை, எழுத்துக்காகப் புதுசா பழகணும்” என்றார். படிக்கத் தொடங்கும் குழந்தைகளின் மூளையை ஆராய்ச்சிக்காக இவர்கள் வருடாவருடம் படம் எடுக்கிறார்கள். மெஷினை ஓட்டுவது நான். முகங்களைக் கண்டுகொள்ளும் இடத்துக்குப் பக்கத்திலேயே எழுத்துக்கென்று ஓர் இடம் உருவாகிறதாம். நம்மவளையும் படுக்க வைத்தோம். “மூக்கு அரிக்குதும்மா” என்று நெளிந்ததில் ஒரு படம் வீண்.

அங்கே வேலையை இன்னும் இரண்டு வருடம் நீட்டித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அவளிடம் என்ன சொல்ல? “அப்பா அடுத்த மாசம் வருவார்” என்றே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்,
வீட்டுக்காரி

ஜூன் 15

அன்புக்குரியவளே,

எழுத்துக்கு இடம் பிடிக்கிறேன் என்று என் முகத்தை வெளியே தள்ளிவிடப் போகிறாள், பார்த்துக்கொள்!

இரண்டு வருடம் என்று அவளிடம் சொல்லாதே. அவள் அழுகிறாள் என்று தெரிந்தால் கிரேன்மேல் எனக்குக் கை ஓடாது. அடுத்த மாதம் என்றே இருக்கட்டும். சின்னப் பிள்ளை, மறந்துவிடுவாள்.

உன்னவன்

ஜூன் 28

அன்பானவருக்கு,

தப்பு நடந்துவிட்டது. உங்கள் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் பாலை இறக்கப் போனேன். திரும்பினால், அந்த ‘இரண்டு வருடம்’ வரியில் விரல் வைத்து “சொ… ல்… லா… தே” என்று எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறாள். பிடுங்கினேன்.

“என்கிட்டத்தான் சொல்லாதேன்னு எழுதியிருக்காராம்மா?”

“பெரியவங்க கடுதாசியப் பார்க்கலாமா நீ?”

“பார்த்தா தானா படிக்குதும்மா. நான் என்ன பண்ண?”

டாக்டரம்மாவிடம் சொன்னேன். “அந்த இடம் வேலை செய்ய ஆரம்பிச்சிட்டா அப்படித்தான். இனி அவளால படிக்காம பார்க்க முடியாது” என்று சந்தோஷப்பட்டார். அவள் அழவே இல்லை. அப்பா எப்போ வருவார் என்று கேட்பதையும் நிறுத்திவிட்டாள். சோப்பு உறையைக்கூடச் சத்தம்போட்டுப் படிக்கிறவள், உங்கள் பேச்சை எடுத்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

உங்கள்மேல் கோபமில்லை. பொய்யில் பாதி என்னுடையது. ஆனால் இதை நான் சரிசெய்ய முடியாது. நீங்களே எழுதுங்கள்.

வீட்டுக்காரி

ஜூலை 7

என் வாலுக்குட்டிக்கு,

எழுத்தைப் பெரிதாகவே போட்டிருக்கிறேன். மெதுவாகப் படி.

அடுத்த மாதம் வருவேன் என்றது பொய். அம்மாவை அப்படிச் சொல்ல வைத்தது நான். வேலை முடிய இரண்டு வருடம் ஆகும். நீ அழுவாய் என்று பயந்தேன். இப்போது நீ அழவில்லை என்று கேட்டதும் இன்னும் பயமாக இருக்கிறது.

மேலாளரிடம் போய் நின்றேன். செப்டம்பரில் பத்து நாள் லீவு கொடுத்தார். அவர் கையெழுத்துப் போட்ட தாளையும் உள்ளே வைத்திருக்கிறேன். அதையும் படி. புரியாததை அம்மாவிடம் கேள்.

இனி உன்னைப் பற்றிய சேதி எதுவானாலும் முதலில் உனக்குத்தான் எழுதுவேன். பதில் போடு. திட்டுவதென்றால் நன்றாகவே திட்டி எழுது.

அப்பா