காதரின் மெட்டில் நான் அடைத்த இடங்கள்

என் அருமை மாப்ளே காதர்,

வாசித்துவிட்டேன். உன் மெட்டை, உன் கிட்டாரில், முதலிலிருந்து கடைசிவரை. கீரமங்கலத்தில் இதை ஒருத்தரும் நம்பமாட்டார்கள். அதனால்தான் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

காய்ச்சலில் நீ போய் ஐந்து மாதமாகிறது. மோட்டார் காயில் கட்டும் நம் பட்டறையை நான் ஒருத்தனாகத் திறந்து வைத்திருக்கிறேன். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததும் உன் அம்மா என்னைக் கூப்பிட்டார்கள்.

"பெரியவன் பினாங்குலேருந்து காயிதம் போட்டிருக்கான் தம்பி. காதரோட கிட்டார அனுப்பிவிடுங்கங்கிறான். கப்பலேறுற ஆளு வந்ததும் குடுத்துவிடப் போறேன்."

"அப்ப அந்த மெட்டு?"

"அது அவனோட போச்சு. இங்க யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். நான் வாசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அன்றுவரை கிட்டாரைத் துடைக்கக்கூட நான் தொட்டதில்லை. என் வாய்தான் உனக்குத் தெரியுமே. உன் அம்மா சிரிக்கவில்லை.

"ஆளு வர்றதுக்குள்ள வாசிச்சுக் காட்டு. அவன் வாசிச்ச மாதிரி இருந்தா இங்கிட்டே இருக்கட்டும்."

நீயே கட்டிய மெட்டு. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் நாலு வருஷம், வெள்ளிக்கிழமைதோறும் தொழுதுவிட்டு வந்து நீ வாசித்ததைக் கேட்டிருக்கிறேன். உன் கிட்டாரைப் பட்டறைக்கு வாங்கி வந்து ஒவ்வொரு சுரமாகத் தேடிப் பிடித்தேன். திருச்சியில் டிப்ளமா படித்தவன் வேறு எப்படிச் செய்வான்? காயில் சுற்றுக் கணக்கு எழுதும் தாளில் கட்டம் போட்டு, எந்தத் தந்தி, எங்கே அழுத்த வேண்டும், எத்தனை எண்ண வேண்டும் என்று நிரப்பினேன். விரல் நுனியெல்லாம் கொப்பளம். இரண்டு மாதத்தில் ஒரு சுரம் பிசகாமல் வந்துவிட்டது. உன் அம்மா முன்னால் போய் உட்கார்ந்து வாசித்தேன்.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு. ஒரு தப்புமில்ல."

"தப்பு இல்லதான். கறம்பக்குடி பஸ்ஸ வெரட்டிக்கிட்டு ஓடுற மாதிரி இருந்துச்சு. எங்கயாச்சும் நின்னியா நீயி? ஒரு அடி முடிஞ்சா அவன் கைய எடுத்துட்டு சும்மா இருப்பான். சத்தம் தானா அடங்கணும். அப்பறந்தான் அடுத்தது."

கோபத்தோடு திரும்பி வந்து தாளைப் பார்த்தேன். ஒரு கட்டம்கூடக் காலியில்லை. மோட்டாருக்குள் கம்பி திணிக்காத பள்ளம், ஒரே ஒரு ஸ்லாட் இருந்தாலும் நம் பட்டறையில் அது குறை. பிரித்துத் திரும்பக் கட்டுவோம். அந்தப் புத்தியில், நீ சும்மா இருந்த இடங்களையெல்லாம் நான் அடைத்திருக்கிறேன்! நாலு வருஷமாக அந்த இடங்களில் என் காது எங்கே போயிருந்தது? "அடுத்தத வாசிடா" என்று உன்னை விரட்டிக்கொண்டிருந்தேனோ?

புதுத் தாள் எடுத்து, காலிக் கட்டங்கள் விட்டு எழுதினேன். சும்மா இருப்பதுதான் கஷ்டம் மாப்ளே. விரல் துடிக்கிறது. தந்தியின் அதிர்வு அடங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பல்லைக் கடிப்பதை எப்போது விட்டேன் என்பது தெரியவில்லை.

போன வாரம் கப்பலுக்குப் போகிறவர் வந்துவிட்டார். கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து வாசித்தேன். முடிந்தபோது அவர் கையில் காப்பி ஆறிப்போயிருந்தது. உன் அம்மா முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார்கள்.

"அவனவிட மெதுவா வாசிக்கிறியேடா, பாவி!"

டிப்ளமா வாங்கிய அன்றுகூட எனக்கு நெஞ்சு இப்படி நிமிர்ந்ததில்லை. என்னை ஒரு இடத்தில் உட்கார வைக்க என்னைப் பெற்றவர்களால் முடியவில்லை. உன் மெட்டு உட்கார வைத்துவிட்டது. எப்பேர்ப்பட்ட வேலைக்காரன் நீ!

உன் அம்மா வந்தவரிடம் திரும்பினார்கள். "கிட்டார் வராதுன்னு பெரியவன்ட்ட சொல்லிருங்க. கேக்கணும்னா அவன இங்க வரச் சொல்லுங்க."

உன் அண்ணன் வரட்டும். இது என் மாப்ளே காதர் கட்டியது என்று முதலில் சொல்வேன், பிறகுதான் தந்தியைத் தொடுவேன். கொஞ்சம் வேகமாக வாசி என்று யார் கேட்டாலும் கிட்டாரைக் கீழே வைத்துவிடுவேன். இது சத்தியம்.

என்றைக்கும் உன் மாப்ளே,
செல்வராசு